இலைப் பூசணத்திற்கு எந்தப் பெயர்?

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இம்மேடையில் நாம் வழக்கமாகச் சம்பளம், போனஸ், வேலை நேரம் பற்றியே பேசுகிறோம். இன்று ஒரு பூசணத்தின் பெயரைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இதிலும் நம் சம்பளம் அடங்கியிருக்கிறது.

ஆண்டின் தொடக்கத்தில் ரப்பர் மரம் இலையுதிர்ப்பது இயற்கை. ஆனால், முற்றிய இலையில் பழுப்பு நிற வட்டப் புள்ளிகள் விழுந்து, பருவம் தப்பி மீண்டும் மீண்டும் இலை கொட்டினால் அது நோய். 2016-இல் இந்தோனேசியாவிலும் 2017-இல் மலேசியாவிலும் இந்நோய் அறியப்பட்டது. இலை போனால் மரத்துக்கு உணவில்லை, உணவில்லையேல் பாலுமில்லை. பால் நிறுக்குமிடத்தில் எடை குறைந்தால் பழி யார்மேல் விழுகிறது? மரம் வெட்டுகிறவர்மேல்தானே!

இந்நோய்க்குப் 'பெஸ்டலோடியோப்சிஸ் இலையுதிர்வு' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பூசணப் பேரினத்தை 1949-இல் பெல்ஜிய அறிஞர் ஸ்டெயார்ட் வகுத்தார். அதன் வித்து கண்ணுக்குத் தெரியாதது. பூதக்கண்ணாடிக் கருவியில் பார்த்தால் வரிசையாக ஐந்து அறைகள் தெரியும். இரு முனை அறைகளுக்கு நிறமில்லை. நடு மூன்றுக்கும் நிறமுண்டு. ஒரு முனையில் மீசைபோல் சில இழைகள் நீண்டிருக்கும். அறைகளை எண்ணித்தான் ஸ்டெயார்ட் இனம் பிரித்தார்.

2014-இல் இலங்கையரான மகாரச்சிகும்புரவும் உடன் ஆய்ந்த அறிஞர்களும் அந்த ஒரு குடும்பத்தை மூன்றாகப் பாகம் பிரித்தார்கள். நடு அறைகள் ஒரே நிறமா, வெவ்வேறு நிறமா என்று நோக்கினார்கள், மரபணுவையும் ஒப்பிட்டார்கள். வெவ்வேறு நிறமுடையது 'நியோபெஸ்டலோடியோப்சிஸ்' ஆயிற்று. நோயுற்ற ரப்பர் இலைகளில் பின்னர் இந்தப் புதிய பேரினமும் அகப்பட்டது. ஆயினும் நோயோ பழைய பெயரிலேயே வழங்குகிறது!

கிராணிமார்களுக்கு இது விளங்கும். செக்ரோலில் இரண்டு முனியாண்டி இருந்தால் தகப்பன் பெயர் கேட்காமல் எழுதுவீர்களா? எழுதினால் ஒருவர் உழைப்பு மற்றவர் கணக்கில் ஏறும். பூசணத்திலும் அப்படியே. எந்த மருந்துக்கு அது அடங்கும், எந்த ஒட்டு ரகம் அதைத் தாங்கும் என்ற சோதனைகளெல்லாம் பெயரை நம்பியே நடக்கின்றன.

இன்னொரு சங்கடமும் உண்டு. இக்கூட்டத்துப் பூசணங்கள் நோயில்லாத இலைக்குள்ளும் சாதுவாய்க் குடியிருக்கும். செத்த இலையிலும் வளரும். ஆகவே இலையில் கண்டதாலேயே குற்றவாளி என்று முடிவு கட்ட முடியாது. பூசணத்தைத் தனியே வளர்த்து, நல்ல இலையில் ஏற்றி, அதே புள்ளி விழுந்து, அதே பூசணம் மீண்டும் கிடைத்தால்தான் வழக்கு நிற்கும்.

புள்ளியை முதலில் காண்பது நாம்தான். நிரைக்குள் நடப்பது நாமல்லவா? அத்தகைய இலையைக் கண்டால் பிளாஸ்டிக் பையில் அடைக்காதீர்கள், புழுங்கி அழுகும். காகிதத்தில் மடித்து, தேதி, நிரை, மர ரகம் எழுதிக் கிராணியிடம் கொடுங்கள். கிராணிமார்கள் அதே நாளின் பால் எடையையும் பக்கத்தில் குறித்து வையுங்கள். பால் குறைந்ததென்று நிர்வாகம் கேட்கும் நாளில், அந்தக் குறிப்பைச் சங்கம் மேசைமேல் வைக்கும்.