புகையும் இரைச்சலும் குறைய வேண்டும்



பனி விழாத பதுளையிலிருந்து இன்று பனியில் ஓடும் ஒரு வண்டியைப் பற்றிப் பேசப்போகிறேன். நம்முடைய தேயிலைத் தோட்டங்களுக்கும் அந்த வண்டிக்கும் நெருங்கிய தொடர்பு இருக்கிறது.

ஸ்னோமொபைல் என்பது அந்த வண்டியின் பெயர். முன்பக்கம் இரண்டு சறுக்குப் பலகைகள், பின்பக்கம் சுழலும் ரப்பர் பட்டி. குளிர்காலத்தில் அமெரிக்காவின் யெலோஸ்டோன் தேசியப் பூங்காவைப் பார்க்க மக்கள் பலர் இதில் போனார்கள். வண்டிகள் பெருகப் பெருக, பூங்கா வாசலில் நீலப் புகை மண்டியது. 2002இல் அங்கே கடமையில் இருந்த ஊழியர்கள் சுவாசக் கவசம் அணிந்தே வேலை செய்தார்கள். அந்த வண்டிகளை அடியோடு தடை செய்ய வேண்டும் என்ற கோரிக்கையும் வலுத்தது.

குற்றம் அந்த வண்டிகளில் இருந்த டூ ஸ்ட்ரோக் என்ஜினுடையது. அது சிறியது, பாரம் குறைந்தது, விசை மிக்கது. ஆனால், புதிய பெற்றோல் உள்ளே வரும் அதே நேரத்தில் பழைய புகை வெளியே போகிறது. அந்த இடைவெளியில் பெற்றோலில் ஒரு பகுதி எரியாமலே புகையோடு சேர்ந்து வெளியேறிவிடுகிறது. பெற்றோலோடு கலந்த ஒயிலும் கூடவே எரிகிறது. நீலப் புகை வருவது அதனால்தான்.

இதற்கு வழி தேடும் பொறுப்பைப் பல்கலைக்கழக மாணவர்கள் ஏற்றார்கள். 2000ஆம் ஆண்டு வயோமிங் மாநிலத்தின் ஜாக்சன் ஹோல் பகுதியில் தூய ஸ்னோமொபைல் போட்டி தொடங்கியது. 2003இல் அது மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு இடம் மாறியது. கடையில் விற்கும் ஒரு வண்டியை எடுத்து, அதன் புகையையும் சத்தத்தையும் மாணவர்கள் குறைக்க வேண்டும். வேகமாக ஓடினால் மட்டும் வெற்றி கிடைக்காது. புகையை அளப்பார்கள். சுமார் 15 மீட்டர் தூரத்தில் ஒலிவாங்கி வைத்துச் சத்தத்தை அளப்பார்கள். 100 மைல் ஓட்டிப் பார்ப்பார்கள். செய்த மாற்றத்துக்கு எவ்வளவு செலவு, அதை வாங்க ஆள் இருக்குமா என்றும் கேட்பார்கள்.

ஐடஹோ பல்கலைக்கழக அணி பிஎம்டபிள்யூ மோட்டார் சைக்கிளின் ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜினைப் பொருத்தி 2002இலும் 2003இலும் வென்றது. பிறகு அதே அணி டூ ஸ்ட்ரோக் என்ஜினுக்கே திரும்பியது. புகை போகும் வழி மூடிய பிறகு பெற்றோலை நேராக உருளைக்குள் பீய்ச்சும் முறையை அமைத்து, 2007இல் மறுபடியும் வென்றது. பழைய என்ஜினின் குறை எங்கே இருக்கிறது என்று அந்த மாணவர்கள் தேடிக் கண்டுபிடித்தார்கள். அந்தக் குறையை மட்டும் திருத்தினார்கள். பாராட்ட வேண்டிய உழைப்பு இது.

நேயர்களே, இதே டூ ஸ்ட்ரோக் என்ஜின் நமக்குப் புதிதல்ல. பசறை வீதியின் ஏற்றத்தில் புகை கக்கிக்கொண்டு போன பழைய ஆட்டோக்கள் பலருக்கும் நினைவிருக்கும். டூ ஸ்ட்ரோக் ஆட்டோக்களின் இறக்குமதியை இலங்கை 2008இல் நிறுத்தியது. வாகனப் புகைப் பரிசோதனையும் அதே ஆண்டில்தான் தொடங்கியது. வீதிக்கு விதி வந்தது. மலைக்கு இன்னும் சரியாக வரவில்லை. தோட்டங்களில் புல்வெட்டுகிற மெஷினிலும் முதுகில் சுமந்து மருந்தடிக்கிற மெஷினிலும் பெரும்பாலும் இதே என்ஜின்தான் ஓடுகிறது. ஸ்னோமொபைலின் சத்தத்தை 15 மீட்டருக்கு அப்பால் நின்று அளக்கிறார்கள். நம் தொழிலாளிக்கோ அந்த என்ஜின் தோளுக்குப் பின்னாலேயே இரைகிறது. அவர் காதும் நெஞ்சும் சுற்றுலாப் பயணியின் காதையும் நெஞ்சையும் விட மலிவானவை அல்ல.

இதைச் சரிசெய்யும் திறமை நம் நாட்டில் இருக்கிறது. மொறட்டுவைப் பல்கலைக்கழக மாணவர்கள் ‘டீம் ஷார்க்’ என்ற பெயரில் சொந்தமாகப் பந்தயக் கார் செய்து, இங்கிலாந்தில் நடக்கும் ஃபோர்முலா ஸ்டூடன்ட் போட்டிக்குக் கொண்டுபோனவர்கள். பதுளையில் 2005இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பத்துக்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது. உயர்தரத்தில் தொழில்நுட்பத் துறை எடுத்துப் படிக்கும் பிள்ளைகள் நம் தோட்டங்களிலும் இருக்கிறார்கள்.

இவர்களை ஒன்றுசேர்க்க ஒரு போட்டி வேண்டும். சத்தமும் புகையும் குறைந்த, தேயிலை மலையில் ஒரு நாள் முழுக்க வேலை செய்யக்கூடிய, தோட்டம் வாங்கக்கூடிய விலையில் ஒரு புல்வெட்டும் மெஷின். இலக்கு அவ்வளவுதான். பெற்றோல் என்ஜினைத் திருத்தினாலும் சரி, பேட்டரியில் ஓடச் செய்தாலும் சரி. அந்த மெஷினைத் தினமும் சுமக்கிற தொழிலாளியும் நடுவர்களில் ஒருவராக இருக்க வேண்டும்.

பல்கலைக்கழகங்களும் தோட்ட நிர்வாகங்களும் ஊவா மாகாண சபையும் இதைக் கையில் எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதுவரை, மெஷின் பிடிக்கும் ஒவ்வொருவருக்கும் காதுக் கவசம் கொடுங்கள். அதற்கு எந்த ஆராய்ச்சியும் தேவையில்லை.