மூன்று எழுத்துகளுக்கு இடம் தேடும் கலை

விரலுக்கு இதமான சிறு விசைப்பலகை என்று இன்று வழங்கப்படுவது, எண் வரிசையும் ஓர விசைகளும் நீக்கப்பட்டு, கைக்கொன்றாக இரண்டு துண்டுகளாகப் பிரிந்து, விரல்களின் நீளத்துக்கேற்ப விசைகளின் நெடுவரிசைகள் ஏறியும் இறங்கியும் அமைந்த, 34 முதல் 42 விசைகள் வரை மட்டுமே கொண்ட கருவியாகும். அதன் நுண்செயலியில் குடியிருக்கும் ஃபர்ம்வேர் என்னும் நிரலைத் தன் தேவைக்கேற்பத் திருத்தி எழுதுவதே இங்கு மதிப்பிடப்படும் கலை. கியூஎம்கே போன்ற திறந்த நிரல்கள் அதற்கு வழி செய்கின்றன. விசைப்பலகை எழுத்து எதையும் அனுப்புவதில்லை என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். அது அனுப்புவது விசையின் எண்ணை மட்டுமே, எழுத்தாக்குவது கணினியின் வேலை.

ஆங்கிலம், கன்னடம், தமிழ் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் தட்டச்சு செய்ய நேரும் பெங்களூருவில் இந்தக் கலை தனிச் சோதனைக்கு உள்ளாகிறது. கன்னட கணக பரிஷத்தின் நுடி மென்பொருள் வழியே பரவிய கே.பி. ராவ் அமைப்பு, ஷிஃப்ட் விசையின் துணையோடு கன்னட எழுத்துகளை 26 ஆங்கில எழுத்து விசைகளுக்குள் அடக்கிவிடுவதால், சிறு பலகையில் இடையூறின்றி அமர்கிறது. 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 அமைப்போ, ஷிஃப்ட் இன்றியே 12 உயிரும் 18 மெய்யும் புள்ளியுமாக 31 விசைகளைக் கேட்கிறது. விரல்கள் தங்கும் முப்பது விசைகளில் காற்புள்ளிக்கும் முற்றுப்புள்ளிக்கும் இரண்டு போக மீதி 28. ஆகவே வலது ஓரத்தில் நிற்கும் ச, ஞ, ய ஆகிய மூன்றும் பலகைக்கு வெளியே விழுகின்றன. ‘செய்ய’ என்னும் சிறு சொல்லுக்கு ச, எ, ய, ய என நான்கு அழுத்தங்கள் வேண்டும். அவற்றில் மூன்றுக்கு விசையே இராது.

இதற்கு எளிதில் தோன்றும் தீர்வு கூட்டழுத்தம். அதாவது, அருகருகே உள்ள இரண்டு விசைகளை ஏறத்தாழ 50 மில்லி விநாடிக்குள் சேர்த்து அழுத்தினால் மூன்றாவது எழுத்து பிறக்குமாறு நிரலில் எழுதுவது. ஆனால் தமிழ்99ஐ வகுத்தவர்கள் மிக நுட்பமாக ஒன்றைச் செய்திருக்கிறார்கள்: ற-ன, ட-ண, த-ந, ப-ம என வல்லினத்தையும் அதன் இனமெல்லினத்தையும் பக்கத்துப் பக்கத்து விசைகளில் வைத்து, மெல்லினத்தை வெளிப்புறம் நிறுத்தியிருக்கிறார்கள், இடையில் புள்ளியும் தானே விழுந்துவிடும் என்பதால் ‘வந்த’, ‘கண்ட’, ‘அன்று’ என எழுதும்போது விரல்கள் வெளியிலிருந்து உள்நோக்கி ஒரே வீச்சில் உருள்கின்றன. அந்த வீச்சின் வேகத்தைக் கூட்டழுத்தம் என்று நிரல் பிழையாகக் கொண்டுவிட்டால், ‘கண்ட’ என்பதில் வேண்டாத எழுத்து வந்து நிற்கும். ஆங்கிலத்துக்காக எழுதப்பட்ட விசையமைப்புகளை அப்படியே எடுத்துக்கொள்வதன் குறை இங்கேதான் வெளிப்படுகிறது.

மேலும் கீழுமாக உள்ள விசைகளில் இந்த ஆபத்து இல்லை, ஏனெனில் ஒரே விரல் இரண்டிலும் உருள முடியாது. ண மேலும் ந கீழுமாக அமைந்த இடத்தில், இரண்டின் இடுக்கில் சுண்டுவிரலை வைத்து அழுத்தினால் ச வருமாறு செய்யலாம். ‘குணநலம்’ போன்ற ஒரு சில சொற்களைத் தவிர அவ்விரண்டும் அடுத்தடுத்து வருவதும் அரிது. யகரத்துக்குக் கட்டைவிரலே தக்க இடம். தமிழுக்கென ஒதுக்கிய அடுக்கில், அதாவது ஒரே விசை வேறு பொருள் கொள்ளும் நிலையில், கட்டைவிரல் இருமுறை தட்டினாலே ‘ய்ய’ அமைந்துவிடும். கைகளில் மிக வலுவான விரலை இடைவெளி விசைக்கு மட்டும் விட்டுவைப்பது வீண்.

எஞ்சுவது ஞ. அது தனித்து வருவதைக் காட்டிலும் சகரத்தின் முன் வருவதே மிகுதி என்பதால், ஒரே அழுத்தத்தில் ஞ, ச ஆகிய இரண்டின் எண்களையும் அடுத்தடுத்து அனுப்புமாறு ஒரு விசையைப் பணிக்கலாம். ‘ஞாயிறு’ போன்றவற்றுக்கு வேறொரு கூட்டழுத்தம் போதும். அவ்வாறு செய்தால், முழுப் பலகையில் ஆறு அழுத்தங்கள் கேட்கும் ‘கொஞ்சம்’ சிறு பலகையில் ஐந்தோடு முடிகிறது.