தீவுகளில் மின்கம்பிப் பணி

வைகாசி மாதத்தில் மழை தொடங்கிய ஒரு மாலை, நம் வீட்டுக்கு அண்டையில் மளிகைக் கடை வைத்திருக்கும் இராமநாதபுரத்து நண்பர் ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு வந்தார். பையன் பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவன். மத்திய அந்தமானில் மின்கம்பி இழுக்கும் வேலையை எடுத்திருக்கும் ஒப்பந்தக்காரர் ஒருவர், உடனே புறப்பட்டு வந்தால் தினக் கூலிக்குச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாராம். "சார், நீங்கள் சர்க்கார் காகிதங்களோடு பழகுகிறவர். இந்தப் பிழைப்புக்கு இவனை அனுப்பலாமா, கூடாதா?" என்று தகப்பனார் கேட்டார். பையன் ஒன்றும் பேசவில்லை. அவன் மனம் அப்போதே பஸ் ஏறிவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது.

தமிழ்நாட்டை விட்டு வெளி மாநிலங்களில் குடியேறிய பல குடும்பங்களில் இன்று இந்தக் கேள்வி எழுகிறது. ஆகையால், அன்று அவருக்குச் சொன்னவற்றில் சிலவற்றை நேயர்களுக்கும் சொல்லலாம் என்று எண்ணுகிறோம்.

அந்தமான் நிக்கோபாரில் தீவுகளும் திட்டுகளும் பாறைகளுமாக 836 உள்ளன. மக்கள் வாழ்பவை 31. சென்னையிலிருந்து தலைநகருக்குக் கடல்வழி ஏறக்குறைய 1,190 கிலோமீட்டர். போர்ட் பிளேர் என்று நாம் அறிந்த அந்நகருக்கு 2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். சென்னையிலிருந்து கடலடியில் ஒரு கேபிள் வந்து 2020 ஆகஸ்டு 10ஆம் தேதி தொடங்கி வைக்கப்பட்டது. கிளைகளோடு சேர்த்து அதன் நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர். அக்கேபிள் பேச்சையும் செய்தியையும் கொண்டுவருகிறது. வீட்டு விளக்கை எரிக்கும் மின்சாரம் அதில் வருவதில்லை. தாய்நாட்டின் மின்தொடரோடு இத்தீவுகளுக்கு இணைப்பே கிடையாது. கப்பலில் வரும் டீசலை எரித்து, அந்தந்தத் தீவு தன் மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. வட அந்தமானில் கல்போங் ஆற்றின்மேல் 2001இல் இயங்கத் தொடங்கிய 5.25 மெகாவாட் நீர்மின் நிலையம் உண்டு. தலைநகரை ஒட்டி, நமது நெய்வேலி நிறுவனம் 2020இல் நிறுவிய 20 மெகாவாட் சூரிய மின் நிலையமும், காராசர்மாவில் தேசிய அனல்மின் கழகத்தின் 5 மெகாவாட் நிலையமும் உள்ளன. நெய்வேலி மண்ணில் நிலக்கரி தோண்டிய நிறுவனம் இங்கு வந்து வெயிலைப் பிடிக்கிறது என்று கடைத்தெருவில் தமிழர்கள் சற்றுப் பெருமையோடு சொல்வதுண்டு.

பெரிய மின்தொடரிலிருந்து துண்டிக்கப்பட்டுத் தானாக இயங்கும் பகுதிக்குப் பொறியியல் நூல்களில் 'தீவு' என்றே பெயர். மற்ற ஊர்களில் அது உவமை. இங்கே உள்ளபடியே உண்மை. மதுரைக்குப் போகும் ஒரு பாதை பழுதுபட்டால் வேறொரு பாதை வழியாக மின்சாரம் வந்துவிடும். ஒரு சிறு தீவில் கம்பி அறுந்தால் மாற்றுப் பாதை இல்லை. பக்கத்துத் தீவிலிருந்து ஆளை வரவழைக்கலாம் என்றால், கப்பல் வரவேண்டும், கடலும் இணங்கவேண்டும். எனவே ஒவ்வொரு தீவிலும் கம்பமேறத் தெரிந்தவர்கள் குடியிருந்தே ஆகவேண்டும். டீசல் போய்ச் சூரியன் வந்தாலும் இந்நிலை மாறாது. மின்சாரம் எங்கே பிறந்தாலும் கம்பி வழியாகத்தான் வீட்டுக்கு வரும்.

அந்தக் கம்பியை இத்தீவுகளின் காற்று சும்மா விடுவதில்லை. கடற்கரையோரக் கம்பங்களில் உப்பு படிகிறது. பீங்கான்மேல் படிந்த உப்பு ஈரப்பட்டதும் அதன் வழியே மின்சாரம் பாய்ந்து பொறி கிளம்புகிறது. இரும்புச் சட்டங்களும், அலுமினியக் கம்பியின் நடுவிலுள்ள எஃகுச் சரமும் துருவேறுகின்றன. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவங்களும் இங்கே மழை தருவதால், மே மாதம் தொடங்கி டிசம்பர் வரை ஏதாவதொரு மரம் ஏதாவதொரு கம்பியின்மேல் சாய்ந்துகொண்டே இருக்கும். வேலைக்குக் குறைவில்லை என்று நாம் சொல்வது இதனால்தான்.

வேலை இருப்பது வேறு, உத்தியோகம் கிடைப்பது வேறு. நிர்வாகத்தின் மின்சார இலாகாவில் நிரந்தரப் பதவிகள் சிலவே. அறிவிப்புக்கும் அறிவிப்புக்கும் இடையே ஆண்டுகள் கழிகின்றன. இத்தகைய பதவிகளுக்குப் பெரும்பாலும் இங்குள்ள வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவும், உள்ளூர்வாசி என்பதற்கான சான்றும் கேட்கப்படுகின்றன. 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி இத்தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. அவர்களில் ஏறக்குறைய நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். இங்கேயே பிறந்து படித்த தமிழ்ப் பிள்ளைக்கு அந்தக் கதவு திறந்திருக்கிறது. சென்ற ஆண்டு மதுரையிலிருந்து கப்பலேறி வந்தவனுக்கு அவ்வளவு எளிதில் திறக்காது. இதை அறியாமல், தீவுக்குப் போனால் சர்க்கார் வேலை என்று ஊரில் யாரோ சொன்னதை நம்பி வந்து, துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களையும் பார்த்திருக்கிறோம்.

இலாகாவின் தினக்கூலி மஸ்தூர் என்ற படி ஒன்று உண்டு. அதற்கும் போட்டி பலம். மீதமுள்ளவர்கள் ஒப்பந்தக்காரர்களிடம் சேருகிறார்கள். புதிதாக வருகிறவர்களில் பலர் இந்த வழியாகத்தான் வருகிறார்கள். தமிழ்நாட்டிலும் நிலைமை இலகுவாக இல்லை. 2019இல் அங்கே மின்வாரியம் 'கேங்மேன்' பதவிக்கு விண்ணப்பம் கேட்டபோது, ஐந்தாம் வகுப்புப் படிப்பே போதும் என்ற அப்பணிக்குப் பட்டதாரிகளும் வந்து கம்பமேறிக் காட்டினார்கள். தேறியவர்களுக்கு நியமனம் கிடைத்தது 2021இல்தான். பெரிய நிக்கோபாரில் துறைமுகமும் நகரமும் மின் நிலையமும் அமைக்கும் திட்டத்துக்கு 2022இல் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. அதைப் பற்றிய வாதங்கள் நாடெங்கும் பலமாக நடக்கின்றன. அங்கே ஆயிரம் வேலை வரும் என்று இன்றே கணக்குப் போட்டுக் கடன் வாங்க வேண்டாம் என்பது நம் கருத்து.

இனி, வழிநடை வாழ்க்கையைப் பற்றிச் சொல்லவேண்டும். தலைநகரிலிருந்து வடக்கே டிக்லிபூர் செல்லும் பெருஞ்சாலையில், விடியுமுன் புறப்பட்டு ஜிர்காடாங் என்னும் இடத்தில் வண்டிகள் வரிசையாகக் காத்திருக்கின்றன. அதற்கப்பால் ஜாரவா மக்களின் காப்புக்காடு. குறித்த நேரத்தில், போலீசார் துணையோடு, எல்லா வண்டிகளும் ஒரே தொடராகப் போகவேண்டும். வழியில் நிறுத்துவதும், படம் எடுப்பதும், அம்மக்களுக்கு எதையும் கொடுப்பதும் குற்றம். அவர்களைக் காக்கும் விதி 1956ஆம் ஆண்டு முதல் உள்ளது. புதிதாக வரும் தொழிலாளிக்கு முதல் நாளே சொல்லிக் கொடுக்கவேண்டிய பாடம் இது. வேடிக்கைக்காகக் கைபேசியை நீட்டி வழக்கில் மாட்டிக்கொண்டால் வேலையும் போய்விடும். காட்டைக் கடந்ததும் மத்திய நீரிணை. அங்கே வண்டியோடு படகில் ஏறிப் பாராடாங் சேரவேண்டும். அதன் பிறகு ரங்கத், மாயாபந்தர், டிக்லிபூர் என்று சாலை நீள்கிறது.

தெற்கே நிக்கோபாருக்குப் போகிறவர்களுக்குச் சாலையே இல்லை, கப்பல்தான். கார் நிக்கோபார், கச்சால் போன்ற பழங்குடிக் காப்புத் தீவுகளுக்கு முன்கூட்டியே அனுமதிச் சீட்டு பெறவேண்டும். 2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை அத்தீவுகளில் ஊர்களையே வாரிக்கொண்டு போயிற்று. இன்று அங்கே நிற்கும் கம்பங்கள் அதன் பின்பு நட்டவை. கச்சாலில் ரப்பர்த் தோட்ட வேலைக்காக 1970களில் இலங்கையிலிருந்து வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அத்தீவில் இறங்கும் தமிழ்த் தொழிலாளிக்கு முதல் தேநீர் அவர்கள் வீட்டில் கிடைக்கலாம்.

தங்குமிடம் பெரும்பாலும் தகரக் கொட்டகை. ஈரத் துணி உலராது. காட்டோரத்தில் அட்டை கடிக்கும். அரிசியும் பருப்பும் கிடைக்கும். காய்கறி, கப்பல் வந்தால் உண்டு. கடல் கொந்தளித்தால், மூன்று நாள் வேலை என்று போனவன் பத்து நாள் இருந்து வருவான். வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்று செய்தி வந்தாலும் அடுத்த கப்பலுக்குத்தான் காத்திருக்கவேண்டும். இவ்வகை வாழ்வு தீவுக்கு மட்டும் உரியதும் அன்று. 2018 நவம்பரில் கஜா புயல் காவிரிப் படுகையில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்களைச் சாய்த்தபோது, தமிழ்நாட்டின் மற்ற மாவட்டங்களிலிருந்தும் கேரளம் முதலிய அண்டை மாநிலங்களிலிருந்தும் மின் ஊழியர்கள் அங்கே போய், சேற்றில் நின்று வாரக்கணக்கில் பாடுபட்டார்கள். ஊரார் அவர்களைத் தம் பிள்ளைகள்போல் நடத்தினார்கள். இருட்டில் இருந்த கிராமத்தில் முதல் விளக்கு எரியும்போது கம்பத்தடியில் நிற்கிறவனுக்குக் கிடைக்கும் மகிழ்ச்சியை, மேசையில் உட்கார்ந்து மொழிபெயர்க்கும் நம்மைப் போன்றவர்கள் அடைவதில்லை.

மொழிபெயர்ப்பு என்றதும், நாம் செய்த ஒரு பிழையைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பாதுகாப்பு அறிவிப்பைத் தமிழாக்கும் வேலை நம்மிடம் வந்தது. சுவிட்சு 'குளோஸ்' ஆன நிலையில் கம்பத்தில் ஏறக்கூடாது என்பது ஆங்கில வாசகம். நாம் அகராதியைப் பார்த்து, 'சுவிட்சு மூடியிருக்கும்போது ஏறக்கூடாது' என்று அழகாக எழுதினோம். ஓய்வு பெற்ற கம்பியாளர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, "குழாயை மூடினால் தண்ணீர் வராது. சுவிட்சை மூடினால் கரண்ட் வராது என்றுதானே பையன்கள் நினைப்பார்கள்? அப்படியானால் திறந்திருக்கும்போது ஏறச் சொல்கிறீர்களா?" என்று கேட்டார். நமக்கு உடல் சிலிர்த்தது. பொறியாளர் பேச்சில் 'குளோஸ்' என்றால் முனைகள் சேர்ந்து மின்சாரம் ஓடுகிறது என்று பொருள். இந்தியில் 'பந்த்' என்றால் நின்றுவிட்டது என்று பொருள். இங்கே ஒரே குழுவில் வங்காளியும், தெலுங்கரும், ராஞ்சிக்காரரும், தமிழரும் இருப்பார்கள், பொதுமொழி இந்தி, காகிதம் ஆங்கிலம். நம் தமிழும் சேர்ந்து அந்தக் குழப்பத்தை வளர்க்க இருந்தது. உடனே அதைக் கிழித்துவிட்டு, 'மின்சாரம் ஓடும்போது', 'மின்சாரத்தை நிறுத்திய பின்' என்று எழுதிக் கொடுத்தோம்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பழகிய கம்பியாளர் யார் எதைச் சொன்னாலும் தம் கண்ணால் பார்க்காமல் ஏறமாட்டார். லைன் கிளியர் எழுத்தில் வாங்குவார். சுவிட்சின் கத்திகள் பிரிந்திருப்பதைப் பார்த்துப் பூட்டுப் போட்டு அறிவிப்புப் பலகை மாட்டுவார். கம்பியில் மின்சாரம் இல்லை என்பதைக் கருவியால் சோதித்து, எர்த் ராடை முதலில் நிலத்தோடு இணைத்து, அதன்பின் கம்பியில் மாட்டுவார். வேலை செய்யும் இடத்துக்கு இருபுறமும் மாட்டுவார். பவர் ஹவுசில் மின்சாரத்தை நிறுத்திய பிறகு இவ்வளவும் எதற்கு என்று புதியவனுக்குத் தோன்றும். ஏதோ ஒரு கடையில் ஜெனரேட்டரை மாற்றுச் சுவிட்சு இல்லாமல் இணைத்திருப்பார்கள். அதன் 230 வோல்ட் மின்சாரம் பின்வழியாக டிரான்ஸ்பார்மருக்குள் புகுந்து மேலே 11,000 வோல்ட்டாக வெளிவரும். கூரைமேலுள்ள சூரியத் தகடுகளின் சாதனம் பாதை நின்றதும் தானே நின்றுவிடும்படி அமைக்கப்பட்டது. கடைக்காரரின் ஜெனரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. மின்வெட்டு அடிக்கடி நேரும் தீவில் ஜெனரேட்டர்களுக்குக் குறைவும் இல்லை.

இவற்றைக் கற்றுத் தருவதற்குத்தான் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. தலைநகரில் டாலிகஞ்சில் அரசினர் நிலையம் உள்ளது. எலக்ட்ரீஷியன் பயிற்சி இரண்டு ஆண்டு. பின்பு 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழில் பழகுநராகவும் சேரலாம். அச்சான்றிதழ் தீவுக்கு வெளியேயும் செல்லும். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கொங்கு நாட்டுப் புகளூர் வரை 800 கிலோவோல்ட்டில் ஏறக்குறைய 1,800 கிலோமீட்டர் மின்பாதை 2020-21இல் இயங்கத் தொடங்கியது. அத்தகைய பெரும் பாதைகளில் தேர்ந்த கைகளுக்கு என்றும் தேவை இருக்கிறது.

ஒப்பந்தக்காரரிடம் போவதானால், கூலி எவ்வளவு என்பதை எழுத்தில் கேட்கவேண்டும். வங்கியில் செலுத்தச் சொல்லவேண்டும். வருங்கால வைப்பு நிதியில் எண் வாங்கவேண்டும். இடுப்புப் பட்டையும் கையுறையும் தலைக்கவசமும் யார் தருவது என்று கேட்கவேண்டும். வேலையில் அடிபட்டால் நஷ்டஈடு பெறும் உரிமை 1923 முதல் இந்நாட்டுச் சட்டத்தில் உண்டு. வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லாதவன் அதை நிரூபிக்க அலையவேண்டியிருக்கும்.

இவ்வளவையும் அன்று தகப்பனாரிடம் சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இரண்டு வருஷம் சம்பளமில்லாமல் படிக்க வைக்கவேண்டும். பெண்ணுக்குக் கல்யாணம் இருக்கிறது, சார்" என்றார். அதற்கு நம்மிடம் விடை இல்லை. பயிற்சி நிலையம் பிள்ளைகளைச் சேர்க்க இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அதுவரை ஒப்பந்தக்காரரிடம் போகிறேன், கம்பம் ஏறமாட்டேன், தரையில் நின்று கயிறு மட்டும் பிடிப்பேன் என்று பையன் முதன்முறையாக வாய் திறந்தான். இந்த ஏற்பாடு நமக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை; தரையில் நிற்பவனை மேலே ஏறச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனாலும் அவன் போய்விட்டான்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை ரங்கத்திலிருந்து தகப்பனாருக்குப் பேசினானாம். மழை விடவில்லை, மூன்று கம்பம் சாய்ந்துவிட்டது, இன்னும் கயிறுதான் பிடிக்கிறேன் என்றானாம். பயிற்சி நிலையத்தின் விண்ணப்பத் தாள் கடைக் கல்லாப்பெட்டிமேல், எடைக்கல்லின் கீழ் இருக்கிறது. பெற்றோர் கையெழுத்து எந்த இடத்தில் என்று நேற்று அவர் நம்மிடம் கேட்டார்.