அழித்துவிட்டு அல்ல, அங்கிருந்தே



அன்று பௌர்ணமி. ரமணாசிரமம் பகுதியில் ஒரு வீட்டில் எங்கள் அன்பியக் கூட்டம். கிரிவலம் செல்வோரால் செங்கம் சாலை நிரம்பியிருந்தது. செபமாலைக்கு வரவேண்டிய பலர் வழியிலேயே நின்றுவிட்டார்கள். காத்திருந்த நாங்கள், அந்த வீட்டுக்காரரும் அவருடைய 9 வயது மகனும் டி.வி. முன் அமர்ந்து செய்துகொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தொண்ணூறுகளின் டி.வி. கேம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கேசட்டை ஊதிச் செருகி ஆடுவோம். ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1983-இல் வெளியிட்ட கருவியைப் பார்த்துச் செய்தவையே அவற்றில் பல. இன்று அந்தக் கருவி இல்லாமலே அந்த ஆட்டத்தை ஆடுவதற்கு எமுலேட்டர் என்ற மென்பொருள் இருக்கிறது. பழைய கருவியின் சிப் செய்த வேலையை இன்றைய கணினி, கட்டளைக்குக் கட்டளை, அப்படியே செய்துகாட்டும். உள்ளங்கை அளவுள்ள ராஸ்பெரி பை கணினியின் மெமரி கார்டில் அதை ஏற்றி, டி.வி.யோடு இணைத்து, எந்தப் பொத்தான் குதிப்பதற்கு, எது ஓடுவதற்கு என்று ஒவ்வொன்றாகப் பதிந்தார்கள். ஆட்டத்தை இணையத்தில் சும்மா எடுத்துக்கொள்ளலாமே என்றான் மகன். அதற்கு உரிமையாளர் உண்டு என்று சொன்ன தந்தை, அலமாரியில் கிடந்த தன் பழைய கேசட்டிலிருந்தே ஒரு சிறு கருவியால் பிரதி எடுத்திருந்தார்.

அது 1985-இல் வந்த சூப்பர் மேரியோ. பழைய கேசட்டில் சேமிக்கும் வசதி கிடையாது. கரண்ட் போனால் முதலிலிருந்துதான். இருவர் ஆடினால், ஒருவர் விழுந்தபின்தான் அடுத்தவருக்கு முறை. “தம்பி எப்போ விழுவான்னு பாத்துக்கிட்டே உக்காந்திருப்பேன்” என்று சிரித்தார் அவர். எமுலேட்டரில் எந்த நொடியிலும் ஆட்டத்தைச் சேமிக்கலாம். அந்தப் பழைய கருவியின் வேலை நினைவகம் வெறும் 2 கிலோபைட். அதில் அந்த நொடியில் இருப்பதையெல்லாம் எமுலேட்டர் எழுதிவைத்துக்கொள்ளும். மகன் பள்ளத்தில் விழுந்தான். ஒரு பொத்தானை அழுத்தினான். விழாதவனாய் மீண்டும் நின்றான்.

தந்தையின் முகம் மாறியது. பாகப்பிரிவினையில் தம்பியோடு பேச்சு நின்று 11 ஆண்டுகள். “அந்த நாளுக்கு முன்னாடி ஒரு சேவ் போட்டு வச்சிருந்தா எவ்வளவு நல்லாருக்கும்!” என்றார். மூலையில் செபமாலையோடு அமர்ந்திருந்த அவருடைய தாய் நிமிர்ந்து பார்த்தார். “அங்க திரும்பிப் போயிட்டா இந்தப் பேரன் ஏதுடா? இவன் அதுக்கப்புறம் பொறந்தவனாச்சே” என்றார். எங்களில் யாரும் பேசவில்லை.

அன்புக்குரியவர்களே, சேமித்த இடத்திற்குத் திரும்பினால் விழுந்தது மட்டும் அழிவதில்லை. அதற்குப்பின் வந்த எல்லாமே அழிகின்றன. கடவுளின் மன்னிப்பு அப்படிப்பட்டதல்ல. யோவான் நற்செய்தியில் பேதுரு ஆண்டவரை மறுதலித்தது கரிநெருப்பின் அருகே குளிர்காய்ந்தபோது. உயிர்த்த ஆண்டவர் திபேரியக் கடலோரத்தில் அவரை அழைத்ததும் கரிநெருப்பின் அருகேதான். மூன்று முறை மறுதலித்தவரிடம் மூன்று முறை அன்பைக் கேட்டார். நடந்ததை நடக்காததாக்கவில்லை, விழுந்த பேதுருவிடமே தம் ஆடுகளை ஒப்படைத்தார். உயிர்த்த ஆண்டவரின் உடலிலும் காயத் தழும்புகள் அழியவில்லையே!

ஒப்புரவு அருளடையாளத்தில் நாம் பெறுவதும் இதுவே. நம் வரலாறு நம்முடையதாகவே இருக்கிறது. நம் குற்றம் மன்னிக்கப்படுகிறது. அந்த நாளுக்கு முன்னால் போய் நிற்க நம்மால் முடியாது. ஆனால் இன்று ஒரு போன் செய்ய முடியும்.

அந்தச் சகோதரர் அன்றிரவே தம்பிக்குப் போன் செய்தார். தம்பி எடுக்கவில்லை. இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். அவர் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறோம். வீட்டுப் பிரச்சினை இன்னும் தீரவில்லை, பேச்சு தொடங்கியிருக்கிறது. இரண்டாவது கன்ட்ரோலர் ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறார்.

நம் வீட்டில் யாருடைய இடம் காலியாக இருக்கிறது? இந்த வாரம் அவரை அழைப்போம்.

ஆண்டவரே, கடந்த நாளை மாற்றித் தரும்படி கேட்கமாட்டோம். உடைந்த இடத்திலிருந்தே தொடங்கும் துணிவை எங்களுக்குத் தாரும். ஆமென்.