உயிர்ப்பும் உயிரும்

(விருதுநகரில் தமிழன்பர் கூட்டமொன்றில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)

வெடியாலைகளில் வேலை முடித்து, கைக்கறை முற்றும் நீங்காமலே வந்து அமர்ந்திருக்கும் உடன்பிறப்புகளே!

மரத்துக்கும் கல்லுக்கும் ஆற்றுக்கும் உயிர் உண்டு என்று கருதும் கொள்கை பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். அஃது என் சொந்தக் கொள்கையும் ஆகும். 1871-ஆம் ஆண்டில் எட்வர்டு தைலர் என்னும் ஆங்கிலேய மாந்தவியலறிஞர், இத்தகைய நம்பிக்கைக்கு 'அனிமா' என்னும் இலத்தீனச் சொல்லை வேராக வைத்துப் பெயர் வழங்கினார். அதனைச் சமயத்தின் அடிநிலை என்றும் கொண்டார். அனிமா என்னும் சொல்லுக்கு மூச்சு என்றும் உயிர் என்றும் பொருள். நமக்கு இது புதுமையன்று. தமிழில் உயிர்த்தல் என்றாலே மூச்சு விடுதல்தான். உயிர், மெய், உயிர்மெய் என்று எழுத்துக்கே உடலும் உயிரும் வகுத்தவர் நம் முன்னோர். ஆகவே, கீழ்நிலை மாந்தரின் அறியாமை என்று பிறர் ஒதுக்கியது, நம் பிள்ளைகளுக்கு அரிச்சுவடியிலேயே கற்பிக்கப்படுகின்றது என்க.

தொல்காப்பியர் மரபியலில் புல்லையும் மரத்தையும் ஓரறிவு உயிர் என்றார். சிதலும் எறும்பும் மூவறிவின. நண்டும் தும்பியும் நாலறிவின. மரத்துக்குத் தொட்டால் உணரும் அறிவு உண்டு என்று அவர் கண்டதை, வங்கத்துச் சகதீச சந்திரபோசு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கருவி வைத்து ஆய்ந்தார். போசு மாழைகளையும் விட்டாரில்லை. அவையும் தூண்டினால் துலங்குகின்றன, களைத்துப் போகின்றன என்று 1902-இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார்.

இதனினும் வியப்பானது கருப்பொருள் அடுக்கு. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் இவையெல்லாம் ஒரே வரிசையில் நிற்கின்றன. தெய்வத்தை நிலத்துக்கு வெளியே எங்கோ கொண்டுபோய் வைக்கவில்லை. மரத்தோடும் பறவையோடும் அந்நிலத்தின் கருவாகவே அதுவும் எண்ணப்பட்டது. நற்றிணை 172-ஆம் பாட்டில் ஒரு புன்னை வருகின்றது. சிறுமியர் மணலில் புதைத்து விளையாடிய விதை முளைவிட, அதற்குப் பாலும் நெய்யும் ஊட்டி வளர்க்கின்றனர். அது நுங்கள் தங்கை என்கின்றாள் தாய். பின்னாளில் அம்மரத்தடியில் காதலனோடு நகையாட அப்பெண் நாணுகின்றாள். தங்கை கேட்டுக் கொண்டிருக்கின்றாள் அன்றோ!

இது குருட்டு நம்பிக்கை அல்லவா என்று பகுத்தறிவுத் தோழர்கள் வினவுவர். மரத்தில் பேய் இருக்கிறது என்று அஞ்சிக் கோழி அறுப்பதை நான் சொல்லவில்லை. அச்சத்தை விற்றுப் பிழைப்பவர் எனக்கும் பகைவரே. எதிரில் நிற்பதை வெறும் சரக்காகப் பாராமல், உறவாகப் பார்க்கும் பார்வையையே சொல்கின்றேன். எல்லாவற்றுக்கும் உயிர் உண்டென்றால் எதையும் வெட்டவே கூடாதோ எனில், அதுவும் இல்லை. நம் கண்மாய்களை அடைத்து நிற்கும் சீமைக் கருவேலத்துக்கும் உயிர் உண்டு. ஆயினும் அதனை வேரோடு களையத்தான் வேண்டும். களைகின்றவன் என்ன செய்கின்றோம் என்பதை அறிந்து செய்தல் வேண்டும்.

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைக் காப்பிடம் 1977-இல் அமைந்தது. அங்கே கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கண்மாய்க்கு வரும் பறவைகள் அஞ்சும் என்று பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வெடி விற்று வாழும் மாவட்டத்தில் நின்று இதனைப் புகழ்வது வணிகர் சிலர்க்குக் கசக்கலாம். கசக்கட்டும்.

இனி நம் ஊர்ப்பக்கம் வருவோம். கந்தகம், கரி, வெடியுப்பு, அலுமினியத்தூள் ஆகியவற்றின் கலவையை இங்கே 'மருந்து' என்கின்றோம். அதன் குணம் அறிந்தவர்கள் இதோ முன்வரிசையில் இருக்கின்றீர்கள். இரும்புக் கருவி அதற்கு ஆகாது. ஈரம் பட்டால் தானே சூடேறும். உராய்ந்தால் பொறுக்காது. ஆயுத வழிபாட்டன்று கத்தரிக்கும் பொறிக்கும் சந்தனம் பூசுகின்றீர்கள். கருவியோடு பழகியவனுக்கு அதன் உயிர் தெரியும்.

ஆனால் ஒவ்வொரு நேர்ச்சிக்குப் பின்னரும் செய்தித்தாளில் என்ன படிக்கின்றோம்? 'மருந்தில் ஏற்பட்ட உராய்வால் வெடித்தது.' அவ்வளவே! பொருளுக்கு உயிரில்லை, அது வெறும் சரக்கு என்று ஆண்டு முழுவதும் சொல்பவர்கள், பொறுப்பேற்க வேண்டிய அன்று மட்டும் பொருளுக்கு உயிரூட்டி, குற்றம் முழுவதையும் அதன் தலையில் ஏற்றிவிடுகின்றனர். ஓர் அறைக்கு இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்று சட்டம் வரையறுத்திருக்க, அதற்கு மேல் ஆளைத் திணித்தது மருந்தா? அறை போதாமல் வேப்ப மரத்தடியில் உட்காரவைத்து வேலை வாங்குவது மருந்தா? நிழல் தரும் வேம்பைச் சாவுக்குத் துணையாக்கியது யார்?

2012-ஆம் ஆண்டு செப்தம்பர் 5-ஆம் நாள். நாடு ஆசிரியர் நாள் கொண்டாடிக் கொண்டிருந்தது. சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் வெடியாலை தீப்பற்றி, நாற்பதை ஒட்டிய உயிர்கள் போயின. மீட்க ஓடிவந்தவரும் மாண்டனர். கல்லுக்கு உயிர் உண்டென்று நான் சொன்னால் நகைக்கும் உலகம், கையும் காலும் பெயரும் உடைய மாந்தரை அஃறிணை போல எண்ணிக்கையில் முடித்துவிடுகின்றது. என் கொள்கைக்கு இங்கேதான் வேலை இருக்கின்றது.

நம் முன்னோர் இறந்தாரைக் கல்லில் நிறுத்தினர். தொல்காப்பியம் அதனை ஆறு படிகளாகக் கூறும். முதலில் தக்க கல்லைத் தேடிக் காண்பர்; இது காட்சி. பின் அதனைக் கொள்ளத் தொடங்குவது கால்கோள். நீராட்டுவது நீர்ப்படை. பிறகு நடுவர். பெரும்படையால் சிறப்புச் செய்வர். இறுதியில் வாழ்த்துவர். நீராட்டிய பின் அது வெறுங்கல் ஆகாது, அவன்தான். நம்மை அடுத்த தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கிடைத்தன. ஆகோள் பூசலில் மாண்டவன் நினைவு, கல்லில் ஈராயிரம் ஆண்டுக்கு மேல் நிற்கின்றது.

ஆநிரைக்காக மாண்டவனுக்குக் கல் உண்டு. வயிற்றுக்காக மாண்டவனுக்கு ஏன் இல்லை? வெடியாலைகளில் இறந்தோர்க்கு ஊர்தோறும் ஒரு கல் நடுவோம். அரசையோ முதலாளிகளையோ இதற்குப் பணம் கேட்க வேண்டா. நம் பக்கத்துக் குன்றுகளில் கல்லுக்குக் குறைவில்லை. முதல் வேலை, பெயர் திரட்டல். தமிழாசிரியர்களும் மாணவர்களும் வீடு வீடாகச் சென்று இறந்தோர் பெயரை அவரவர் வீட்டாரிடம் கேட்டு எழுதி வாருங்கள். தாய் அழைத்த பெயர் வேறாக இருந்தால் அதனையும் எழுதுங்கள். வெட்டுவோன் கைக்குப் போகுமுன் எழுத்துப்பிழை திருத்தித் தருவதை நான் ஏற்கின்றேன்.