கரையேறியவரின் தள்ளாட்டம்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கடலும் கவிதையும் என்னும் பொருளில் பேசுமாறு பணித்திருக்கின்றீர்கள். கடல் பெரிது, எனக்கு ஒதுக்கப்பட்ட நேரமோ சிறிது. ஆதலின், பல நாள் கடலில் கிடந்த ஒருவர் கரையில் கால் வைக்கும் அந்த ஒரு பொழுதைப் பற்றி மட்டும் பேச விழைகின்றேன்.

நாம் ஆற்றுப் பாசனத்து மக்கள். கரை என்றதும் நம் நெஞ்சில் எழுவது காவிரிக் கரையும் வாய்க்கால் கரையுமே. மகளை மணம் முடித்துக் கொடுத்தால் கரையேற்றிவிட்டேன் என்கிறோம். கடன் தீர்ந்தால் கரையேறிவிட்டேன் என்கிறோம். பிறவியைக் கடலாக்கி, வீடுபேற்றைக் கரையாக்கிய மரபு நம்முடையது. கரையேறினால் துன்பம் முடிந்தது என்பதே நம் மொழியின் துணிபு. ஆனால் நம் பெருங்காப்பியங்களுள் ஒன்று இத்துணிபை என்றோ ஐயுற்றிருக்கிறது.

மணிமேகலையில் வரும் ஆபுத்திரனை நினைத்துப் பாருங்கள். பாண்டிய நாட்டில் மழை பெய்து வளம் பெருகியபின், அவன் கையிலிருந்த அமுதசுரபியிடம் வந்து உண்பார் இல்லை. சாவக நாட்டில் பஞ்சம் என்று கடலோடிகள் சொல்லக் கேட்டுக் கப்பல் ஏறுகிறான். காற்று மிகுந்தமையால் கப்பல் மணிபல்லவத்தில் ஒருநாள் தங்குகிறது. அவன் இறங்குகிறான். இறங்கியவன் ஏறிவிட்டான் என்று கருதி, இரவில் கப்பல் பாய் விரித்துப் போய்விடுகிறது. எத்தனை பேர் வந்தாலும் உணவு சுரக்கும் பாத்திரம் கையில். உண்பதற்கோ ஓர் உயிர் இல்லை. பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாதிருந்து உயிர் துறக்கிறான். அவனை விட்டுச் சென்ற வணிகர் ஒன்பதின்மர் பின்னர்த் தேடி வந்து, நேர்ந்ததை அறிந்து, தாமும் அங்கேயே உண்ணாது உயிர் விடுகின்றனர். மறுபிறப்பில் சாவகத்து அரசனாகிய அவனே அத்தீவுக்கு வந்து, மணலில் புதைந்த தன் பழைய என்பினைக் காண்கின்றான்.

இதில் என்னைப் பெரிதும் கலக்குவது அந்த ஒன்பதின்மரின் நிலையே. உடன் வந்தவன் எங்கே என்று அவர்கள் அன்றிரவு திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றியபோது காலம் கடந்துவிட்டது.

காப்பியத்திலிருந்து நம் நாகைக்கு வருவோம். ஸ்ரீவிஜய மன்னன் எழுப்பிய சூடாமணி விகாரமும், அதற்கு இராசராசன் வழங்கிய ஆனைமங்கலமும், இராசேந்திரன் கடாரம் வென்றதும் நாம் மேடைதோறும் முழங்குபவை. அதே கடல்வழியில், சென்ற நூற்றாண்டில், கொடியும் முரசும் இன்றி நம் உழவர் சென்றனர். கூலிகளாகச் சென்றோருள் பலர் பினாங்கை எட்டியும் உடனே ஊருக்குள் புக இயலவில்லை. ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்புக் காவலில் வைக்கப்பட்டனர். கண்ணெதிரே கரை, நடுவே நீர்.

அவர்களைச் சுமந்த கப்பல்களுள் ரஜூலாவை நம் ஊர்ப் பெரியோர் அறிவர். 1926-இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்டது. சென்னை, நாகை, பினாங்கு, இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்பது அதன் வழி. எளியோர் மேல்தளத்தில் பாய் விரித்து, பெட்டியைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தே கடல் கடந்தனர். நாகைக் கரையை ஒட்டி ஆழம் இன்மையால் கப்பல் தொலைவில் நங்கூரமிடும். பயணிகள் படகில் இறங்கிக் கரை சேர்வர்.

1961-ஆம் ஆண்டு தை மாதம் என் தந்தை அவ்வாறு இறங்கினார். நான் கைக்குழந்தையாய் இருந்தபோது சென்றவர். வரும்போது எனக்கு எட்டு வயது. நாகையிலிருந்து ரயிலில் நீடாமங்கலம், அங்கிருந்து மாட்டுவண்டி. சம்பா அறுவடைக் காலம். களத்தில் ஊரே கூடியிருந்தது. வண்டியை விட்டு இறங்கி எங்களை நோக்கி வந்தவர், நாலடி நடப்பதற்குள் தள்ளாடினார். வரப்பில் கால் இடறி, கதிர்க்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். களத்தில் யாரோ, “போன இடத்துல நல்லாத்தான் கத்துக்கிட்டு வந்திருக்கான்” என்றார். சிரிப்பு எழுந்தது. அம்மா தலை குனிந்தாள். நான் அவர் நீட்டிய கையைத் தொடாமல் ஓடிவிட்டேன்.

அன்றிரவு அவர் திண்ணைத் தூணைப் பற்றியபடி படுத்திருந்தார். இரண்டு நாளில் நடை நேராயிற்று. ஆனால் ஊர் சூட்டிய பெயர் ஓராண்டு நீடித்தது. என் தந்தை குடியறியாதவர்.

பல்லாண்டுகள் கழித்தே காரணத்தைப் படித்தறிந்தேன். அலையில் ஆடும் கப்பலுக்கு ஏற்ப உட்செவியும் மூளையும் சில நாளில் பழகிவிடுகின்றன. அசையாத தரைக்கு வந்தபின்னும் மூளை அலையை எதிர்பார்த்துக்கொண்டே இருக்கிறது. அதனால் தரையே ஆடுவதாகத் தோன்றுகிறது. பெரும்பாலோர்க்கு ஓரிரு நாளில் இது தணியும். உடல் கரையேறிவிடுகிறது, உள்ளிருக்கும் கடல் மெல்லத்தான் வடிகிறது.

இதனைத் தந்தையிடம் சொல்லி வருத்தம் தெரிவிக்க எனக்கு வாய்ப்பு இருந்தது. இன்று ஆகட்டும், நாளை ஆகட்டும் என்று தள்ளினேன். அவர் மறைந்தார். ஒன்பது வணிகரின் தவிப்பை நான் ஏட்டில் மட்டும் படித்தவன் அல்லன்.

கவிஞர் பெருமக்களே, ரஜூலா 1973-இல் கைமாறி, மறு ஆண்டு உடைக்கப்பட்டது. பின் ஓடிய சிதம்பரம் கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பற்றியதோடு அக்கடல்வழிப் பயணம் முடிவுற்றது. 2023 அக்டோபரில் நாகையிலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விடப்பட்டது. அது சில மணி நேரப் பயணமே. பல நாள் கடலில் கிடந்து நாகையில் இறங்கியவருள் இளையோரும் இன்று முதுமையை எய்திவிட்டனர். வழியனுப்பும் பாட்டு நம்மிடம் நிரம்ப உண்டு. இறங்கியவரின் முதல் அடியை நாம் எழுதியது மிகக் குறைவு.

எனவே என் வேண்டுகோள் ஒன்றே. உங்கள் ஊரில் அக்கப்பலில் வந்தவர் எவரேனும் இருப்பின் சென்று பாருங்கள். என்ன கொண்டுவந்தீர்கள் என்று ஊர் ஏற்கெனவே கேட்டுவிட்டது. மண்ணில் கால் வைத்தபோது எப்படி இருந்தது என்று நீங்கள் கேளுங்கள். அவர் சொல்வதை அவர் சொற்களிலேயே எழுதி வையுங்கள். கவிதை ஆவதும் ஆகாததும் பிறகு. அடுத்த ஆண்டு விழாவில் அவற்றைப் படிக்கக் கேட்டால், நான் அன்று தொடாமல் விட்ட கையைத் தொட்டதாகக் கொள்வேன்.