சிறிய வண்டியில் ஒரு பெருவீரரின் கையொப்பம்

புகழ் பெற்றோரின் கையொப்பத்தைக் கையேட்டில் வாங்கிச் சேர்ப்பது பழைய வழக்கம். மோட்டார்ப் பந்தயத்தில் ஈடுபாடு கொண்டோர் அதனினும் ஒரு படி மேலே சென்றனர். தாம் போற்றும் வீரர் ஓட்டிய வண்டியின் சிற்றுருவைத் தேடி வாங்கி, அதன் மீதே அவருடைய கையொப்பத்தைப் பெற்றனர். இவ்வாறு பெரிதும் நாடப்பட்ட வீரர்களுள் ஒருவர் இங்கிலாந்தைச் சேர்ந்த சர் ஸ்டேர்லிங் மொஸ்.

1929ஆம் ஆண்டு இலண்டனிற் பிறந்த மொஸ், 66 கிராண்ட் பிறீ பந்தயங்களில் ஓடி 16இல் வென்றார். ஆயினும், உலக வெற்றி வீரர் என்னும் பட்டம் அவருக்கு ஒருமுறையேனும் கிட்டவில்லை. பட்டம் பெறாத ஒருவரைத் தேடி மக்கள் ஏன் வரிசையில் நின்றனர்?

சேகரிப்போர் கொண்டுவந்த சிற்றுருக்களுள் ஒன்று, உள்ளங்கையில் அடங்கும் வெள்ளி நிற மேர்சிடிஸ் பென்ஸ் வண்டி. அதன் மேல் 722 என்னும் எண் இருக்கும். காலை 7 மணி 22 நிமிடத்திற்குப் புறப்பட்டமையின் அடையாளம் அது. 1955 மே 1ஆம் நாள், இத்தாலியின் பிரெசியா நகரிலிருந்து உரோமாபுரி சென்று மீளும் ஏறத்தாழ 1,600 கிலோமீற்றர்ப் பாதையை மொஸ் 10 மணி 7 நிமிடம் 48 செக்கனில் கடந்து வெற்றி பெற்றார். அருகே அமர்ந்திருந்த பத்திரிகையாளர் டெனிஸ் ஜென்கின்சன், வளைவுகளைக் குறித்துவைத்த நீண்ட காகிதச் சுருளைப் பார்த்து, இயந்திரத்தின் பேரொலியிடையே கைச்சைகையால் வழி காட்டினார்.

எனினும், அவரது பெருமைக்கு வேகம் மட்டும் காரணமன்று. 1958இல் போர்த்துக்கல் நாட்டுப் பந்தயத்தில், போட்டியாளரான மைக் ஹோதோர்ன் விதியை மீறி எதிர்த்திசையில் வண்டியைச் செலுத்தினார் என்று குற்றஞ்சாட்டப்பட்டார். அவர் ஓடுபாதையில் அன்று, நடைபாதையிலேயே சென்றார் என்று மொஸ் சாட்சி கூறினார். ஹோதோர்னின் புள்ளிகள் காப்பாற்றப்பட்டன. ஆண்டு முடிவில் ஹோதோர்ன் 42 புள்ளி, மொஸ் 41. ஒரே புள்ளியால் பட்டம் கைநழுவிற்று. தமக்கு நட்டம் வருமென்று அறிந்தும் உண்மையை உரைக்க எத்தனை பேருக்குத் துணிவு வரும்?

1962இல் குட்வுட் ஓடுதளத்தில் நேர்ந்த விபத்து அவரை ஒரு மாத காலம் நினைவிழந்து கிடக்கச் செய்தது; பந்தய வாழ்வும் அத்துடன் முடிந்தது. அதே குட்வுட்டில் 1998 முதல் பழைய வண்டிகளின் விழா நடைபெறலாயிற்று. அங்கே முதியவராய் வந்த மொஸ்ஸிடம் அன்பர்கள் தம் சிற்றுருக்களை நீட்டினர். வெள்ளி நிற வண்டிக்குக் கரிய மை, கரும்பச்சை வண்டிக்கு வெள்ளி மை என எழுதுகோல்களும் ஆயத்தமாயிருக்கும். மை காயும்வரை விரல் படலாகாது. பின்னரும் வெயில் படாமற் காத்தல் வேண்டும்.

2020 ஏப்ரலில் மொஸ் மறைந்தார். அவர் கையொப்பமிட்ட வண்டிகள் விலைக்கும் கிடைக்கின்றன. ஆயினும், எதிரே நின்று அவர் கையில் வண்டியைக் கொடுத்து வாங்கிய அந்தக் கணம் விலைக்குக் கிடைப்பதன்று.

கையொப்பமென்பது தம் சொல்லுக்குத் தாமே பொறுப்பென்று ஒருவர் இடும் அடையாளம். சொன்ன சொல்லுக்காகப் பட்டத்தையே இழந்தவரின் கையொப்பத்திற்கு அதனினும் மேலான பொருள் வேறில்லை.